இனம் என்ற கூட்டுக்குள்

நான் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர். திருகோணமலைக் கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்குப் போகிற வழியில் ஒரு போட்டோக் கொப்பிக் கடைக்குப் பின்னால் இருக்கிற அறைதான் என் கந்தோர். வருகிற கடதாசிகளில் பெரும்பாலானவை பிறப்புச் சான்றிதழ்கள். கனடாவுக்குப் பிள்ளையிடம் போகிறவர், டுபாயில் வேலை கிடைத்தவர், லண்டனில் கலியாணம் பொருந்தியவர் என்று எல்லாருக்கும் முதலில் தேவைப்படுவது அந்த ஒற்றைக் கடதாசியின் இங்கிலீஷ் பிரதிதான். பெயர், திகதி, பிறந்த இடம், தகப்பனின் தொழில் எல்லாம் கை பழகிப்போனவை. கதைத்துக்கொண்டே தட்டச்சுச் செய்துவிடுவேன். கை கொஞ்சம் நிற்கிற இடம் ஒன்றுதான். ‘இனம்’ என்று ஒரு கூடு இருக்கிறது.

வேறு ஊரில் இருந்திருந்தால் அந்தக் கூட்டுக்குள் நாள் முழுக்க ஒரே சொல்லையே எழுதிக்கொண்டிருந்திருப்பேன். இது துறைமுக ஊர். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், இங்கிலீஷ்காரர் என்று மாறி மாறிக் கோட்டையைப் பிடித்தவர்கள் தாங்கள் மட்டும் வரவில்லை. ஆட்களையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள், போகும்போது பலரை விட்டுவிட்டும் போனார்கள். அதனால் என் மேசைக்கு இலங்கைத் தமிழர், இலங்கைச் சோனகர், சிங்களவர், இந்தியத் தமிழர், மலாயர், பறங்கியர் எல்லாரும் வருவார்கள். எப்போதாவது ஒரு ‘காப்பிரி’ வரும்; ஆபிரிக்க வம்சாவளி இலங்கையர், இங்கிலீஷில் ‘கஃபிர்’ என்று எழுதுவார்கள்.

அப்படி வந்த ஒன்றைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

பாலையூற்றிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். துறைமுகத்தில் வெல்டிங் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். கையில் பொலித்தீன் உறைக்குள் மகளின் பிறப்புச் சான்றிதழ். தாயின் இனம் பறங்கியர். தகப்பனின் இனம், அதாவது அவருடைய இனம், காப்பிரி. பதிவாளரின் கையெழுத்து நல்ல வடிவான கையெழுத்து; சந்தேகத்துக்கு இடமே இல்லை. “பின்னேரம் வந்து எடுக்கலாமா மிஸ்?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

மத்தியானம் வாட்ஸ்அப்பில் மகள் அழைத்தாள். டுபாயில் ஒரு ஹோட்டலில் வேலை செய்கிறாள், அதைவிட நல்ல இடம் ஒன்று கிடைக்கிற மாதிரி இருக்கிறது, அதற்குத்தான் இந்தக் கடதாசி.

“அன்ரி, டடாட இனம் எண்டு இருக்கிற இடத்தில அந்த இங்கிலீஷ் சொல்லை மட்டும் போட்டுடாதீங்கோ. நான் போற இடத்தில சவுத் ஆபிரிக்கன் ஆக்கள் கனபேர். கடதாசி பார்க்கிற மனிசியும் அந்த நாடுதான்.”

பின்னேரம் தகப்பனிடம் சொன்னேன். அவருக்கு முகம் மாறிவிட்டது.

“ஏன் போடக் கூடாது? அதுதானே எங்கட பேர்? எங்கட கலியாண வீட்டில கப்ரிஞ்ஞா ஆடாம ஆரும் எழும்பிப் போறதா? அந்தப் பேரே எங்கட பேரிலயிருந்து வந்தது. நாங்க ஆரிட்டையும் களவெடுத்த பேரில்ல, மிஸ்.”

இரண்டு பேரும் சொல்வது சரி. என் தொழிலில் உள்ள வில்லங்கம் என்னவென்றால், மூலத்தில் உள்ளதை விட்டுவிட எனக்கு அதிகாரம் இல்லை. ‘வேறு’ என்று போட முடியாது. ‘இலங்கையர்’ என்று போட்டால் அது பொய்ச் சத்தியம். கடைசியில் இங்கிலீஷ்காரர் வைத்த எழுத்துக்கூட்டலை விட்டுவிட்டு, ‘காப்பிரி’ என்ற தமிழ் உச்சரிப்பை அப்படியே இங்கிலீஷ் எழுத்தில் போட்டேன். அடியில் ஒரு மொழிபெயர்ப்பாளர் குறிப்பு: ஆபிரிக்க வம்சாவளியைச் சேர்ந்த இலங்கைச் சமூகம் ஒன்றின் பெயர், மூலத்தில் உள்ளபடி. பெரியவர் கண்ணாடியைப் போட்டு அதை இரண்டு தரம் வாசித்தார். “இது ஸ்பெல்லிங் பிழை மாதிரியெல்லோ கிடக்கு?” என்றார். தமிழில் எப்படி எழுதியிருக்கிறதோ அப்படித்தான் போட்டிருக்கிறேன் அங்கிள் என்றேன். “சரி, போகப்போறது அவள்தானே, நானில்லையே” என்று சொல்லிக் காசைத் தந்துவிட்டுப் போனார். முழுச் சம்மதம் இல்லை என்பது நடையிலேயே தெரிந்தது.

அந்தச் சொல்லை நம் ஊரில் யாரும் கெட்ட வார்த்தையாக நினைப்பதில்லை. புத்தளத்துப் பக்கம் சிறாம்பியடியில் இருக்கிறவர்களும் தங்களை அப்படித்தான் சொல்கிறார்கள். அவர்கள் பாடுகிற மஞ்சாவைக் கேட்கக் கொழும்பிலிருந்து ஆட்கள் வருவார்கள். தென்னாபிரிக்காவில் நிலைமை வேறு. நிறவெறி ஆட்சிக்காலம் முழுக்கக் கறுப்பினத்தவர்களை அடிக்கும்போதும் துரத்தும்போதும் சொன்ன சொல் அது. இன்றைக்கு அங்கே அந்தச் சொல்லை முழுதாக உச்சரிக்கவும் மாட்டார்கள். ‘கே சொல்’ என்று முதலெழுத்தால்தான் குறிப்பிடுவார்கள். 2018இல் ஒரு வெள்ளைப் பெண் இந்தச் சொல்லால் கறுப்பினப் பொலிசாரைத் திட்டியதற்காக நீதிமன்றம் அவருக்கு மூன்று வருடச் சிறை விதித்தது, அதில் ஒரு வருடம் ஒத்திவைத்த தண்டனை. 48 தடவை சொன்னார் என்று வழக்கில் எண்ணிச் சொன்னார்கள். அந்த நாட்டுக்காரி ஒருத்தியின் மேசைக்குத் தகப்பனின் இனம் என்று அதே எழுத்துக்களோடு ஒரு கடதாசி போனால் அவள் என்ன நினைப்பாள்? இலங்கையில் இன்னும் இப்படியா என்று நம்மைத்தான் நினைப்பாள். மகள் பயந்ததில் நியாயம் இருக்கிறது.

இத்தனைக்கும் அந்தச் சொல் பிறந்தபோது தோல் நிறத்தோடு அதற்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. அரபியில் காபிர் என்றால் இறைவனை நம்பாதவர். ஆபிரிக்கக் கிழக்குக் கரையில் வியாபாரம் செய்த அரபிகள் அங்கே முஸ்லிம் அல்லாதவர்களை அப்படிச் சொன்னார்கள். போர்த்துக்கேயர் காதில் வாங்கி, அது ஓர் இனத்தின் பெயர் என்று எடுத்துக்கொண்டார்கள். அவர்களிடமிருந்து ஒல்லாந்தர், பிறகு இங்கிலீஷ்காரர். இதைக் கிண்ணியாவில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரிடம் சொன்னேன், நல்ல கூட்டாளி. அவர் சிரித்துவிட்டு, “அப்ப அந்தக் கணக்கில பார்த்தா நீங்களும் அதுதானே?” என்றார். உண்மைதான். திருநீறு பூசிக்கொண்டு கோணேசர் கோவிலுக்குப் போகிற நான் சொல்லின் முதல் அர்த்தப்படி பக்கா காபிர். பாலையூற்றுப் பெரியவரோ ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற கத்தோலிக்கர். அந்தக் கணக்கில் அவரும் என்னோடு ஒரே வரிசைதான்.

ஒரு சொல் ஒரு கரையில் கௌரவமாக இருந்து இன்னொரு கரையில் அடிதடியாவதற்கு மொழிகூட மாறத் தேவையில்லை. ‘பறங்கி’யைப் பாருங்கள். ஐரோப்பியர் வழிவந்தவர்களுக்கு இலங்கையில் அது அரசாங்கச் சொல். குடிசன மதிப்பீட்டில் தமிழில் பறங்கியர் என்றுதான் அச்சடிக்கிறார்கள், பாலையூற்றிலும் மட்டக்களப்பிலும் ஆட்கள் அப்படித்தான் தங்களைச் சொல்கிறார்கள். அதே சொல்லை 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதுரையில் ரொபர்ட் டி நொபிலி என்ற இத்தாலியப் பாதிரியார் ஏற்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தார். அவருக்கு முதல் அங்கே இருந்த பாதிரியார் மதம் மாற வருகிறவரிடம் பறங்கிக் குலத்தில் சேர விருப்பமா என்று கேட்பாராம். மதுரையில் பறங்கி என்றால் மாட்டிறைச்சி தின்று, குடித்து, குளிக்காமல் திரிகிறவன் என்று அர்த்தம். கேட்டவுடனே எழும்பி ஓடாமல் என்ன செய்வார்கள்? நொபிலி காவி கட்டி, மரக்கறி சாப்பிட்டு, நான் பறங்கியன் அல்லன், ரோமாபுரியின் உயர்குலத்தவன் என்று சொல்லிக்கொண்டார். இதில் எனக்குப் பிடிக்காதது என்னவென்றால், அவர் சொல்லைத் திருத்தவில்லை, தன்னை அதிலிருந்து கழற்றிக்கொண்டார். அந்தப் பெயரோடு மிச்சம் இருந்தவர்களுக்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை. இந்தப் பக்கத்திலோ அந்தப் பெயர் ஒரு நோய்க்கும் போனது. பறங்கிப் புண் என்று பழைய ஆட்கள் சொல்வார்களே, அது. இவ்வளவும் சுமந்த சொல் எப்படியோ இங்கே சாதாரணமாகிவிட்டது.

அமெரிக்காவிலும் தென்னாபிரிக்காவிலும் இதே கதை ‘கலர்ட்’ என்ற சொல்லுக்கு நடந்தது. கேப்டவுனில் கலப்பினச் சமூகம் ஒன்று இன்றைக்கும் தன்னை அப்படித்தான் சொல்கிறது. அரசாங்கப் படிவத்திலும் அதற்குத் தனிக் கூடு இருக்கிறது. அமெரிக்காவில் ஒரு காலம் அது மரியாதையான சொல். 1909இல் தொடங்கிய கறுப்பின மக்களின் பெரிய உரிமைச் சங்கம் தன் பெயரிலேயே அதைச் சேர்த்துக்கொண்டது, இன்னும் எடுக்கவில்லை. ஆனால் தண்ணீர்க் குழாய்க்கு மேலும் கழிப்பறை வாசலிலும் இவர்களுக்குத் தனி, அவர்களுக்குத் தனி என்று பலகை அடித்தபோதும் அதே சொல்லைத்தான் எழுதினார்கள். இன்றைக்கு அங்கே ஒரு மனிதரைப் பார்த்து அப்படிச் சொன்னால் சண்டைதான்.

எங்கள் அப்பா தபால்கந்தோரில் வேலை பார்த்தவர். பத்திரிகையை உரத்துத்தான் வாசிப்பார். மார்ட்டின் லூதர் கிங்கைப் பற்றி வாசிக்கும்போது ‘நீக்ரோ மக்களின் தலைவர்’ என்பார். குரலில் ஒரு பக்தி இருக்கும். அந்தக் காலத் தமிழ்ப் பத்திரிகைகளில் அதுதான் சொல். இப்போது யாராவது பழைய பத்திரிகையை எடுத்துப் பார்த்தால், சே, எவ்வளவு மட்டமாக எழுதியிருக்கிறார்கள் என்று நினைக்கக்கூடும். நினைக்கத் தேவையில்லை. 1963 ஓகஸ்டில் வாஷிங்டனில் நடந்த அந்தப் பெரிய கூட்டத்தில் கிங் தன் மக்களைக் குறிப்பிட்டது அந்தச் சொல்லால்தான். அதுவே சில வருடங்களில் பழசாகி, இளைஞர்கள் ‘பிளாக்’ என்றார்கள். 1988இல் கறுப்பினத் தலைவர் ஜெசி ஜாக்சன் ‘ஆபிரிக்க அமெரிக்கர்’ என்று சொல்லச் சொன்னார். 2016இல் ஒபாமா கையெழுத்துப் போட்ட ஒரு சட்டம், மத்திய சட்டங்களில் மிச்சம் கிடந்த ‘நீக்ரோ’, ‘ஓரியண்டல்’ போன்ற சொற்களை எடுத்துவிட்டது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஆள் டு போய்ஸ், அமெரிக்கக் கறுப்பின அறிஞர், பத்திரிகை ஆசிரியர். 1928இல் ஒரு பள்ளிக்கூடப் பெடியன் அவருடைய பத்திரிகைக்குக் கடிதம் எழுதுகிறான், ‘நீக்ரோ’ என்று ஏன் போடுகிறீர்கள், அது எங்களைத் தாழ்த்துவதற்கு வெள்ளையர் வைத்த பெயரல்லவா என்று. டு போய்ஸ் அவனுக்குப் பொறுமையாகப் பதில் எழுதினார். பெயர் என்பது ஓர் அடையாளம் மட்டும்தான், அதை மாற்றினால் உள்ள நிலைமை மாறிவிடாது என்பது பதிலின் சாரம். சரி, ஒப்புக்கொள்ளலாம். ஆனால் இதே மனிதர்தான் அந்தச் சொல்லின் முதலெழுத்தைப் பெரிய எழுத்தில் போடு என்று பத்திரிகைகளோடு வருடக்கணக்காக மல்லுக்கட்டினார். நியூயோர்க் டைம்ஸ் 1930இல்தான் இறங்கி வந்தது. 90 வருடம் கழித்து 2020இல் ‘பிளாக்’ என்பதையும் பெரிய எழுத்தில் போடுவோம் என்று அதே பத்திரிகை முடிவெடுத்தது. பெயரில் ஒன்றுமில்லை என்று பெடியனுக்குச் சொன்னவர், ஓர் எழுத்தின் அளவுக்காக அவ்வளவு பாடுபட்டிருக்கிறார்.

தமிழில் பெரிய எழுத்து இல்லை. ஆனால் ‘ன்’ விகுதியும் ‘ர்’ விகுதியும் இருக்கின்றனவே. என் தொழிலில் நான் கண்டது, வசையும் மரியாதையும் நம் மொழியில் பெயருக்குள் இருப்பதைவிட அந்த வாலில்தான் அதிகம் இருக்கின்றன. வெள்ளைக்காரன், சீனன், சிங்களவன் என்று வாயால் சொல்கிறவர்தான் கடதாசியில் எழுதும்போது வெள்ளையர், சீனர், சிங்களவர் என்று எழுதுகிறார். யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை, கை தானாக மாற்றிவிடும். நம்மை மட்டும் ‘தமிழன்’ என்று ‘ன்’ போட்டு நெஞ்சை நிமிர்த்திச் சொல்வோம். அடுத்தவர் அதே ‘ன்’ஐப் போட்டால் பொறுக்காது.

கறுப்பினத்தவரை நம் ஆட்கள் சொல்கிற ‘காப்பிலி’யைப் பாருங்கள். அதற்கு ‘ர்’ ஒட்டவே ஒட்டாது. ஸ்காபரோவில் இருக்கிற என் அக்கா போன புதிதில் போனில் அந்தச் சொல்லைத்தான் சொல்வாள். பிறகு ‘கறுவல்’ என்றாள். இப்போது ‘கறுப்பு ஆக்கள்’ என்கிறாள். இந்த ‘ஆக்கள்’ வந்து சேர்ந்ததற்குக் காரணம் கனடா அரசாங்கத்தின் சட்டமோ பள்ளிக்கூடமோ அல்ல. பேத்தி தன் கூட்டாளிகளை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வரத் தொடங்கினாள். அந்தப் பிள்ளைகளுக்குத் தமிழ் விளங்காது, ஆனால் பேத்திக்கு விளங்கும். அவள் முகத்தைப் பார்த்து அக்காவின் வாய் மாறியது. சீனர்களுக்கு நம்மவர்கள் சொல்கிற ‘சப்பட்டை’ மட்டும் இன்னும் சாகவில்லை. அந்தப் பேச்சைக் கேட்டு முகம் சுளிக்க இன்னும் யாரும் வீட்டுக்குள் வரவில்லை போலிருக்கிறது. பக்கத்தில் நிற்பவருக்கு விளங்காத மொழியில் வசை நீண்ட காலம் உயிரோடு இருக்கும். அதற்கு வெட்கம் வர வழியே இல்லையே.

இதைச் சொல்லிவிட்டு, நம்மைப் பிறர் சொல்வதைச் சொல்லாமல் விடக்கூடாது. சிங்களத்தில் தமிழருக்குத் ‘தெமள’. அகராதிப்படி பார்த்தால் ஒரு குற்றமும் இல்லாத சொல். சண்டைக்காலத்தில் சோதனைச் சாவடியில் பஸ்ஸை விட்டு இறக்கி, அடையாள அட்டையைப் பிடுங்கி, “தெமளத?” என்று கேட்பார்கள். தமிழா என்ற கேள்வி மட்டும்தான். ஆனால் அதற்கு ஓம் என்று சொன்னால் தனி வரிசை. அந்த வரிசையில் நின்ற கால்களுக்கு அகராதி தெரியாது. இப்போதும் சந்தையில் ஒரு சிங்கள அம்மா ஒரு வஞ்சகமும் இல்லாமல் என்னை அப்படிக் குறிப்பிட்டால், எனக்கு முதுகு ஒரு கணம் நிமிர்ந்துவிட்டுத்தான் தளரும். சிங்களவர்களில் நாகரிகமாகக் கதைக்க நினைக்கிறவர்கள் ‘தமிள’ என்றோ ‘திராவிட’ என்றோ சொல்வதைக் கவனித்திருக்கிறேன். மேடையில் ஏறுகிற அரசியல்வாதி கட்டாயம் அப்படித்தான் சொல்வார். நாங்கள் மட்டும் என்ன? நம் பத்திரிகைகளில் ‘பெரும்பான்மை இனத்தைச் சேர்ந்த நபர் ஒருவர்’ என்று வரும். கூட்டங்களில் சிங்களம் ‘சகோதர மொழி’யாகிவிடும். பெயரைச் சொல்ல வாய் வராமல் இவ்வளவு சுற்றி வளைப்பதைவிடச் சிங்களவர் என்றே சொல்லிவிடலாம். மரியாதை கூடிப்போனால் அதுவும் தூரத்தைத்தான் காட்டும் என்பது என் எண்ணம். நீங்கள் ஒத்துக்கொள்ளாமல் விடலாம்.

சோனகர் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சான்றிதழில் இலங்கைச் சோனகர் என்று இருக்கும், கொண்டு வருகிற பெடியன் அந்தச் சொல்லை வாழ்நாளில் வாயால் சொல்லியிருக்க மாட்டான். அவன் முஸ்லிம். என் அம்மம்மாவுக்கோ சோனகர் என்பதுதான் மரியாதை. அதைக் குறுக்கிச் சொல்கிறவர்களை அவ ஏசுவா. 1888இல் தமிழ்த் தலைவர் பொன்னம்பலம் இராமநாதன் ஆசியச் சங்கத்தில் ஒரு கட்டுரை வாசித்து, சோனகர் இனத்தால் தமிழர்தான் என்று வாதாடினார். 1907இல் சோனகர் தலைவர் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் அதை மறுத்து எழுதினார். நீ இன்னார் என்று அடுத்தவர் வந்து சொன்னால், அது புகழ்ச்சியாகவே இருந்தாலும் கசக்கத்தானே செய்யும். அந்தக் கசப்பு இந்தக் கிழக்கு மாகாணத்தில் எவ்வளவு தூரம் போனது என்று இங்கே இருக்கிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

வீட்டுக்குள் வந்தால் கணக்கே வேறு. எங்கள் சின்ன மாமாவின் பெயர் கறுவல். பதிவில் வேறு பெயர், அது கலியாணக் கார்டு அடித்தபோதுதான் பலருக்குத் தெரிந்தது. அவருடைய தங்கச்சி வெள்ளையம்மா, அவவும் அப்படி ஒன்றும் வெள்ளை இல்லை. கறுவல் மாமா செத்த வீட்டு நோட்டீஸில்கூட அடைப்புக்குறிக்குள் அந்தப் பெயர் போட்டார்கள், இல்லாவிட்டால் ஊருக்கு ஆள் யாரென்று விளங்காது. இதே ஊரில்தான் பெண் பார்க்க வருகிறவர்கள் ‘பொது நிறம்’ என்று எழுதின குறிப்பைக் கண்டால் ஒரு மாதிரி இருமிவிட்டுப் போவார்கள். ஸ்காபரோப் பேத்தி போன வருடம் வந்திருந்தபோது “நாங்கள் பிரவுன்” என்றாள், தன் பள்ளிக்கூடத்துக் கணக்கில். என் அம்மாவுக்கு 86 வயது, காதும் சரியாகக் கேட்காது, ஆனால் அது கேட்டுவிட்டது. “ஆர் பிரவுன்? நாங்கள் மாநிறம்” என்றா. பேத்திக்கு அது ஓர் இனத்தின் பெயர், பஞ்சாபி, வங்காளி எல்லாரையும் சேர்த்துக்கொண்ட ஒரு கூட்டம். அம்மாவுக்கு அது சப்பாத்துப் பொலிஷ். அன்று முழுக்க இரண்டு பேரும் அதைப் பற்றியே தர்க்கப்பட்டார்கள்.

இங்கிலாந்துப் படிவங்களில் ‘ஆசியர்’ என்றால் முதலில் இந்தியர், பாகிஸ்தானியர். அமெரிக்காவில் அதே சொல்லைச் சொன்னால் ஆட்களுக்குச் சீனரும் ஜப்பானியரும்தான் நினைவுக்கு வருவார்கள். ஈழத்தமிழருக்கு லண்டன் படிவத்தில் தனிக் கூடு கிடையாது. ‘ஆசியர், வேறு’ என்ற கூட்டில் புள்ளடி போட்டுவிட்டுப் பக்கத்தில் கையால் எழுதவேண்டும். இங்கே கச்சேரியில் நாங்கள் பெரும்பாடுபட்டுக் காப்பாற்றுகிற பிரிவினைகள் எல்லாம் ஹீத்ரோவில் இறங்கியதும் ஒரே ‘வேறு’க்குள் போய்விழுகின்றன என்பது எனக்குக் கொஞ்சம் சந்தோஷமான விஷயம்.

கடைசியாக வந்த வில்லங்கம் இது. கப்பல்துறையிலிருந்து ஒரு பெடியன், முப்பது வயதுக்குள் இருக்கும். தகப்பனின் குடும்பம் 1977 கலவரத்தில் தோட்டத்தை விட்டு ஓடி வந்து இங்கே குடியேறியது. சான்றிதழில் ‘இந்தியத் தமிழர்’ என்று இருக்கிறது. 1911 குடிசன மதிப்பீட்டில் இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று இரண்டாகப் பிரித்தது இன்னும் இவர்களை விடவில்லை. 1948இல் குடியுரிமை போனபோது அந்தப் பெயர் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும் என்று யோசியுங்கள். நம் ஆட்கள் சொன்ன பெயர்கள் இதைவிட மோசம். தோட்டக்காட்டான், கள்ளத்தோணி. படித்தவர்கள், கோவில் தர்மகர்த்தாக்கள், என் சொந்தக்காரர் எல்லாரும் சொன்னவைதான். 2023இல் தங்கள் முன்னோர் இங்கே வந்த இருநூறு வருட நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்களே, அப்போது அவர்கள் உரத்துக் கேட்டவற்றில் ஒன்று தங்களை மலையகத் தமிழர் என்று பதியவேண்டும் என்பது. 2024 குடிசன மதிப்பீட்டு அறிக்கையில் இந்தியத் தமிழர் என்று போட்டு, ஒரு சாய்கோடு கீறி, மலையகத் தமிழர் என்றும் போட்டிருக்கிறார்கள். இரண்டு பேரையும் சமாளிக்கிற கோடு.

“அக்கா, இங்கிலீஷ்ல மலையகத் தமிழர் எண்டு போட ஏலாதா? இந்தியன் எண்டு பார்த்தா அங்க இந்தியப் பாஸ்போட்டைக் கேப்பினம்” என்றான்.

மூலத்தில் உள்ளதை மாற்ற எனக்கு உரிமை இல்லை என்று சொன்னேன். குறிப்பு ஒன்று போடலாம், இலங்கைப் பிரஜை, 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்து வந்த தோட்டத் தொழிலாளர் வழிவந்த சமூகம் என்று. மற்றபடி பதிவாளரிடம் போய் அசலில் திருத்தம் எடுத்துக்கொண்டு வந்தால் அப்படியே போட்டுத் தருகிறேன் என்றேன். அவன் கொஞ்ச நேரம் யோசித்தான்.

“எனக்கு மலையகம் எண்டும் சொல்ல ஏலாதக்கா. நான் பிறந்தது இங்க ஆஸ்பத்திரியில. நுவரெலியாவை ஸ்கூல் ட்ரிப்பில ஒருக்காப் பார்த்ததுதான்.”

“அப்ப என்ன போடலாம் எண்டு நினைக்கிறீர்?”

“குறிப்பையே போடுங்க. அசலைத் திருத்தப் போனா விசாத் திகதி போயிரும்.”

போட்டுக் கொடுத்தேன். குறிப்பு மூன்று வரி வந்தது, அந்தக் கூடோ ஒரு விரல் அகலம். அடுத்த பக்கத்துக்கு இழுத்துவிட்டதால் இரண்டாம் பக்கத்துக்கும் சீல் குத்த வேண்டியதாயிற்று.